ஜம்ப் ஸ்கேருக்கு “திடுக்கு” போதாதா?

படம் பார்க்கிறவர்களைத் திடீரென்று துள்ள வைக்கிற ‘ஜம்ப் ஸ்கேர்’ உத்திக்கு நம் சொற்பட்டியலில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். கீழக்கரைக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன மடலில் “திடீர் அச்சுறுத்தல்” என்று எழுதியிருந்தார். காக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அச்சுறுத்தல் என்றதும் எனக்குப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற புகார் மனுதான் ஞாபகம் வருகிறது. நாயகி அலமாரிக் கண்ணாடியை மூடுகிறாள், பின்னால் ஒரு முகம், கூடவே ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம், நம் கையில் இருந்த டீ மடியில். இந்த அரை நொடிக்குப் பத்தெழுத்தில் பெயர் வைத்தால் சொல்லி முடிப்பதற்குள் பேய் போய்விடும்.

சொல் எனக்கு எங்கே கிடைத்தது என்றால், தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டில். போன மாதம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது படிக்கிற மருமகன் தலையணையைக் கட்டிக்கொண்டு “மாமா, இது நாலாவது திடுக்கு” என்றான். பயல் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சத்தை எண்ண முடியாது, திகிலை எண்ண முடியாது, இதை எண்ணலாம். “திடுக்கிடல்” என்று நானே முன்பு சொல்லியிருந்தேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திடுக்கிடுவது பார்க்கிறவன் வேலை. நமக்குத் தேவை, படத்துக்குள் வைக்கிற சரக்குக்கு ஒரு பெயர். “இடைவேளைக்கு முன்னால் எடிட்டர் ஒரு திடுக்கு வைத்திருக்கிறார்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறாது.

தொண்டி அக்கா சொன்ன “வெருட்டு” நல்ல சொல்தான், எங்கள் அம்மாவும் கோழியை வெருட்டுவார்தான். ஆனால் அச்சில் பார்க்கிறவர்கள் “விரட்டு” என்பதைத் தப்பாக அடித்துவிட்டான் என்று நினைப்பார்கள். “வெருளி”யை ஏற்கெனவே ஃபோபியாவுக்குக் கொடுத்தாயிற்று. “துணுக்கு” என்று யாரோ கேட்டிருந்தார்கள், துணுக்குறுதல் பழைய சொல், மறுக்கவில்லை, ஆனால் வார இதழ்காரர்கள் அதைக் கடி ஜோக்கோடு சேர்த்துப் பல காலம் ஆகிறது.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். 1942இல் ஹாலிவுட்டில் ‘கேட் பீப்பிள்’ என்று ஒரு படம் வந்தது. ராத்திரி ஆளில்லாத தெருவில் ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், திடீரென்று அந்தக் காலடியும் நின்றுபோகிறது. இவள் ஓடுகிறாள். சிறுத்தைதான் பாயப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது புஸ்ஸென்று ஒரு சீறல், பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது! தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியையே அங்கே “லூட்டன் பஸ்” என்கிறார்கள். கடைசி வண்டி ஏர் பிரேக் போடும்போது பாம்பன் ஸ்டாப்பில் தனியாக நின்றிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்குப் “பொய்த்திடுக்கு” என்று வைக்கலாம் என்பது என் யோசனை. அந்தக் காட்சியில் மிருகம் கண்ணிலேயே படாது. நம்மைக் கொல்வது அதற்கு முந்தைய அமைதி. அந்த அமைதிக்குப் பெயர் திகில், பஸ்ஸுக்குப் பெயர் திடுக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

சென்சாருக்கும் இதே குழப்பம். 1951இல் வந்த மர்மயோகிதான் தமிழில் முதன்முதலில் ‘ஏ’ வாங்கிய படம். எம்.ஜி.ஆர். படத்துக்கு ஏ! காரணம் அதில் வருகிற ஆவி. இன்றைக்கு அதைப் போட்டுக் காட்டினால் மருமகன் கொட்டாவி விடுவான். பிரிட்டனில் 1930களில் பயங்கரப் படங்களுக்கென்றே ‘எச்’ என்று ஒரு முத்திரை வைத்திருந்தார்கள், 1951இல் ‘எக்ஸ்’ வந்ததும் அது போய்விட்டது. எல்லா இடத்திலும் பேய் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்த்திருக்கிறார்கள். நம் திரைப்பட வாரியத்தின் பெயரில் 1983லேயே சென்சார் போய்ச் சான்றிதழ் வந்துவிட்டது, பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏ வந்ததும் அப்போதுதான், நாம் இன்னும் சென்சார் என்றே சொல்கிறோம், கத்தரியும் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதால் அதில் தப்பும் இல்லை. 2023 சினிமாச் சட்டத் திருத்தத்தில் யு/ஏவை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை எதற்குப் பயப்படும்? என் அனுபவத்தில், திடுக்கு விழுந்தால் அலறிவிட்டு அடுத்த நிமிஷம் சிரிக்கும். திகில் மூன்று ராத்திரி தூங்க விடாது. ரத்தத்தை மங்கலாக்கலாம், கத்தியை வெட்டலாம், காலியாக ஆடுகிற ஊஞ்சலை எந்த விதியில் வெட்டுவது?

டிவி இன்னும் மோசம். ஒரு சேனலில் நல்ல பேய்ப்படம் ஒன்றைப் போட்டபோது, அந்த அமைதி கூடிவருகிற இடத்தில் சலவைத் தூள் விளம்பரம், திரும்பி வந்ததும் நேராக டமார். திகிலைத் தின்றுவிட்டுத் திடுக்கை மட்டும் நமக்குத் துப்பினார்கள். சீரியல்களுக்கு வாரியத்தின் சான்றிதழே தேவையில்லை, 1995 கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள்தான். அதனால் மாமியார் வாசலில் வந்து நின்றாலே முகத்தை மூன்று தடவை காட்டி மூன்று திடுக்கு.

சின்ன வயதில் நாங்கள் ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்தவர்கள். கடல் தாண்டி வந்த சிக்னலுக்கு எங்கள் ஊர் சென்சார் ஏது? ராத்திரி ஏதோ ஒரு ஆங்கிலப் படம், பாதி புள்ளி, பாதி உருவம், கச்சான் காற்று அடித்தால் அதுவும் போய்விடும். அந்தப் புள்ளிகளுக்குள் பார்த்த பேயைப் போல ஒன்றை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். தனுஷ்கோடி மாதாகோயில் சுவரைப் படம் பிடித்து அதில் ஒரு திடுக்கை ஒட்டி “பேய் நகரம்” என்று போடுகிறவர்களுக்கு எந்தச் சொல்லும் வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போனவர்கள் எங்கள் சனம். அங்கே இன்றைக்கும் குடிசை போட்டு வலை இழுக்கிறார்கள்.

*

தொண்டியிலிருந்து:

தம்பி, வெருட்டை விட்டுக்கொடுக்கிறேன், பாதி மனசோடு. “பொய்த்திடுக்கு” மட்டும் சரியில்லை. பஸ் வந்து நிற்கும்போது நாம் திடுக்கிட்டது நிஜம்தானே, அதில் பொய் எங்கே? விஷயம்தான் வெறும் பஸ். “வெற்றுத்திடுக்கு” என்று வையுங்கள். அப்புறம் அந்த டமாருக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பாதிப் படங்களில் திடுக்கே இல்லை. “திடுக்கொலி”?

*

கீழக்கரையிலிருந்து:

கோபமெல்லாம் இல்லை தம்பி, புகார் மனு என்றதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நாலு காரணம் சொல்கிறார்: அணங்கு (பேய் மாதிரி வருத்துகிற தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசு). முதல் மூன்றை வைத்துப் படம் எடுக்கிறார்கள், எடுத்ததை நாலாவதிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். ஆனால் இந்த நாலும் அச்சத்துக்குத்தான், லூட்டன் பஸ் இதில் எதிலும் சேராது. அதனால் தனிச்சொல் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2021 தகவல் தொழில்நுட்ப விதிப்படி ஓடிடியில் வயதோடு கூட உள்ளடக்கக் குறிப்பும் போட வேண்டுமே, அதைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் உதவும். “திடுக்குகள் உண்டு” என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும்.

திடுக்கொலி சரி, வெற்றுத்திடுக்கும் சரி. பட்டியலில் ஏற்றும்போது திடுக்கு என்பதைப் பெயர்ச்சொல் என்று போட்டு, வினைக்குத் “திடுக்கு வை” என்று தனி வரி கொடுங்கள். இல்லாவிட்டால் “திடுக்குதல்” என்று யாராவது கிளம்பி வருவார்கள்.