மட்டக்களப்பு கல்லடி வீட்டு மீன் தொட்டி: குடும்பக் குழுவில் ஒரு கிழமை

*சனிக்கிழமை*

[காலை 6:08] கல்லடித் தங்கச்சி: 📷
மாமா, புது வீட்டு வளவில இரிக்கிற சீமெந்துத் தொட்டி இதுதான். மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுதுகள். தண்ணி முருங்கையிலைய அரைச்சு ஊத்தின மாதிரிப் பச்சை. இண்டைக்கு முழுக்க இறைச்சிட்டு உரஞ்சிக் கழுவட்டா?

[6:09] சின்ன மாமா: இறைக்காத புள்ள!! ஒண்டையும் கழுவாத. முதல்ல காத்து. பம்பு ஓடுதா?

[6:10] கல்லடித் தங்கச்சி: ஓடுது. தண்ணி வாற பைப்பு தொட்டித் தண்ணிக்குள்ள தாழ்ந்து கிடக்கு.

[6:12] சின்ன மாமா: அதத் தூக்கிக் கட்டு. ஒரு சாண் உயரத்தில இருந்து விழோணும். மேல் தண்ணி உடைஞ்சு நுரைச்சாத்தான் ஒட்சிசன் இறங்கும், உள்ளுக்குள்ள சுத்துற பைப்பால அந்த வேலை நடக்காது. கட்டுற வரைக்கும் வாளியால அள்ளி அள்ளி உயரத்தில இருந்து ஊத்து.

[6:21] கல்லடித் தங்கச்சி: கட்டிட்டன். எல்லாம் அந்த விழுற இடத்துக்கே வந்து நிக்குதுகள்.

[6:25] சின்ன மாமா: அப்ப ஒட்சிசன் குறைவு எண்டது சரிதான். பச்சைப் பாசி பகல்ல ஒட்சிசன் விடும், ராவில அதுவே எடுக்கும். விடியப்புறம் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையிலதான் ஆகக் குறைவு. அதோட இப்ப சூடான கச்சான் காத்து அடிக்குது. 25 பாகையில ஒரு லீட்டர் தண்ணி 8.2 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில 7.5 தான். சூடு கூடக் கூட மீனுக்கு ஒட்சிசன் கூடத் தேவை, தண்ணி கொடுக்கிறது குறைவு.
இனி தொட்டிய அளந்து போடு. நீளம், அகலம், தண்ணி நிக்கிற ஆழம், அடியில.

[6:40] கல்லடித் தங்கச்சி: 8 அடி, 5 அடி, தண்ணி இரண்டரை அடி. கோய் மீன் 6, ஒரு சாண் வரும். கோல்ட் ஃபிஷ் 12. கறுப்பா ஒரு டேங்க் கிளீனர் மீனும் அடியில ஒட்டிக் கிடக்கு.

[6:44] சின்ன மாமா: 8×5×2.5 = 100 கன அடி. ஒரு கன அடி 28.3 லீட்டர். உன்ட தொட்டி 2,800 லீட்டர். இத வெளிச் சுவரில பெயின்றால எழுதி வை. உப்பு, மருந்து, பம்பு எல்லாத்துக்கும் இந்த எண்தான் கணக்கு. குத்துமதிப்பில போட்டுத்தான் கனபேர் மீனக் கொல்றது.

[6:45] சின்ன மாமா: டவுணில அலங்கார மீன் கடையில சொட்டு விட்டுப் பாக்கிற பரிசோதனைக் கிட் எடு. அமோனியா (மீன் கழிவில வாறது), நைத்திரைற்று (அமோனியா மாறி வாறது), பிஎச் (புளிப்பு, கார அளவு) மூண்டும். தாள் துண்டு வேணாம், நிறம் சரியாத் தெரியாது. பிஎச்ச காலமை ஒருக்கா, பின்னேரம் 4 மணிக்கு ஒருக்கா பார்.
இண்டைக்குத் தீன் ஒண்டும் இல்ல.

[7:02] அம்மா: பாவம், ஒள்ளுப்பம் சோறாவது போடு பிள்ள

[7:05] சின்ன மாமா: அக்கா, வேணாம். இந்த அளவு மீன் ஒரு கிழமை தின்னாம இருந்தாலும் சாகாது. சோறும் பாணும் அடியில போய்ப் புளிச்சு, மிச்சம் இரிக்கிற ஒட்சிசனையும் குடிச்சிரும்.

[பி.ப 4:20] கல்லடித் தங்கச்சி: அமோனியா லீட்டருக்கு 1 மில்லிகிராம். நைத்திரைற்று 0.5. பிஎச் காலமை 7.6, இப்ப 8.6.

[4:31] சின்ன மாமா: நல்ல வேலை ரெண்டு தரமும் பாத்தது. இதக் கவனமா வாசி.
அமோனியாவில நஞ்சாகிற பங்கு பிஎச்சோடயும் சூட்டோடயும் ஏறும். 30 பாகையில பிஎச் 7.6 எண்டா நூத்துக்கு 3 பங்குதான் நஞ்சு. 8.6 எண்டா நூத்துக்கு 24. அதே 1 மில்லிகிராம், காலமையும் பின்னேரமும் எட்டு மடங்கு வித்தியாசம். வெயில்ல பாசி காபனீரொட்சைட்ட உறிஞ்சிறதாலதான் பின்னேரம் பிஎச் ஏறுது. அப்ப மீனுக்கு விடியப்புறம் மூச்சு இல்ல, பின்னேரம் செவுள் எரியுது.
சோதினைக் குழாயில 0 தான் நிக்கோணும், அமோனியாவும் நைத்திரைற்றும் ரெண்டும். வடிகட்டி வேலை செய்யல்ல. அந்த பம்பு எப்பவும் ஓடினதா?

[4:38] கல்லடித் தங்கச்சி: பக்கத்து வீட்டுல கேட்டன். வீடு பூட்டிக் கிடந்த ரெண்டு மாசமும் கரண்டுக்காசு கூடும் எண்டு ராவில நிப்பாட்டி வச்சவங்களாம்.

[4:41] சின்ன மாமா: அதுதான். அந்த நீல பீப்பாய்தான் வடிகட்டி. அதுக்குள்ள கிடக்கிற ஸ்பொஞ்சிலதான் பக்றீரியா வாழுறது. அமோனியாவ நைத்திரைற்றாக்கி, அத நைத்திரேற்றாக்கிறது அதுகள்தான். ஒட்சிசன் உள்ள தண்ணி ஓடாட்டி சில மணித்தியாலத்தில சாகத் தொடங்கும். திருப்பி முழுசா வளர 4 - 6 கிழமை.

[4:43] கல்முனை மச்சான்: பம்பு எத்தனை வாற்று? 40 எண்டா நாளுக்கு ஒரு யூனிற்றுக்கும் குறைவு. மாசம் 29 யூனிற். அதுக்காக நிப்பாட்டாத.

[4:50] சின்ன மாமா: தண்ணி மாத்துறது இப்பிடி. நாளைக்கு காலமை 20 வீதம், 560 லீட்டர். மறுகா ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அளவு, அமோனியா 0.25க்கு வாற வரைக்கும். ஒரே நாளில முழுக்க மாத்தினா பிஎச்சும் சூடும் ஒரேயடியா மாறி மீன் துவண்டிரும். அடிச்சேறு சைபன் குழாயால உறிஞ்சினா மாத்துற தண்ணியோட ஊத்தையும் போகும். அந்தத் தண்ணிய வாழைக்கும் கத்தரிக்கும் விடு.

[4:52] கல்லடித் தங்கச்சி: கிணத்துத் தண்ணியா பைப்புத் தண்ணியா?

[4:58] சின்ன மாமா: கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கிணறு கோடையில உவராகும். வாயில ஒரு சொட்டு விட்டுப் பார், கரிச்சா வேணாம். கரிக்காட்டியும் கிணத்துத் தண்ணியில ஒட்சிசன் குறைவு, உயரத்தில இருந்து விழ விட்டுத்தான் ஊத்தோணும்.
பைப்புத் தண்ணி உன்னிச்சைக் குளத்துத் தண்ணி, குளோரின் போட்டு வாறது. மீனின்ட செவுளையும் வடிகட்டிப் பக்றீரியாவையும் சேத்து அழிக்கும். 200 லீட்டர் பீப்பாய் மூண்டில பிடிச்சு, எயார் கல் (காத்துக் குமிழி விடுற கல்) போட்டு 2 நாள் விடு. அவசரம் எண்டா சோடியம் தயோசல்பேற்று, 100 லீட்டருக்கு 1 கிராம், 560க்கு 6 கிராம். ஒரு வாளியில கரைச்சுத் தண்ணி விடுறதுக்கு முந்தியே தெளி, பிந்தி இல்ல.
குழாயத் தொட்டிக்குள்ள போட்டுத் திறந்து விட்டுட்டு வேற வேலைக்குப் போகக்கூடாது. ஃபோன் வந்து மறந்தா அண்டைக்கு எல்லா மீனும் செத்திரும்.

[5:01] பெரியக்கா: பீப்பாயிட வாய சீலைத்துணியால இறுக்கிக் கட்டு தங்கச்சி. டெங்கு நுளம்பு முட்டை போட்டா ஒரு கிழமையில பறக்கும், பீஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்டம் எழுதுவார்.

[5:04] சின்ன மாமா: நைத்திரைற்று 0.5 இரிக்கிறதால கல் உப்பு போடு. 1000 லீட்டருக்கு 1 கிலோ, உனக்கு 2.8 கிலோ. காலமை, மத்தியானம், பின்னேரம் எண்டு மூண்டாப் பிரிச்சு, கரைச்சு, தண்ணி விழுற இடத்தில ஊத்து. உப்பில இரிக்கிற குளோரைட்டு நைத்திரைற்றச் செவுளால உள்ள போக விடாது. உப்பு ஆவியாப் போகாது, தண்ணி மாத்தினாத்தான் குறையும். தண்ணி வத்தி நிரப்பும்போது திருப்பி உப்புப் போட்டுராத. 560 மாத்தினா 560 கிராம் மட்டும் சேர்.

*ஞாயிற்றுக்கிழமை*

[காலை 9:15] கல்லடித் தங்கச்சி: 📷 நீலப் பீப்பாயத் திறந்து பாத்தன். ஸ்பொஞ்சு கறுத்துக் கூழாக் கிடக்கு. அழுகின முட்டை மணம்.

[9:20] சின்ன மாமா: அது காத்தில்லாம அழுகினது. அந்தப் பீப்பாய்த் தண்ணிய ஒரு துளியும் தொட்டிக்குள்ள விடாத, வளவுக்க ஊத்து. இனி கரண்டு 3, 4 மணித்தியாலம் போய் வந்தாலும் அப்பிடித்தான், பீப்பாயக் காலி பண்ணிட்டுப் பம்பப் போடு.
ஸ்பொஞ்ச ஒரு வாளித் *தொட்டித் தண்ணியில* பிழிஞ்சு எடு. பைப்புத் தண்ணி, சவர்க்காரம் கிட்டயும் வேணாம். பிழிஞ்சும் மண்ணிறமா இரிந்தா அதுதான் நல்லது, மஞ்சளாக் கழுவி எடுக்கோணும் எண்டில்ல.
மேல் தட்டுக்குப் பழைய நைலோன் மீன்வலைய சாண் சாணா வெட்டி அடை. மீன் வாடியில சும்மா கிடக்கும். நூலுக்கு நூல் பக்றீரியா ஒட்ட இடம், அழுகாது, அடைக்காது. அதோட ஒரு வலைப் பையில நல்லாக் கழுவின மட்டிக் கோது 1 கிலோ.

[9:22] கல்லடித் தங்கச்சி: கோது எதுக்கு மாமா?

[9:27] சின்ன மாமா: மாரிக்கு. மழைத்தண்ணியில சுண்ணாம்புச் சத்து இல்ல. ஐப்பசி, கார்த்திகையில நாலு நாள் விடாமப் பெஞ்சா தொட்டித் தண்ணி வலுவிழந்து பிஎச் பொத்தெண்டு விழும். கோது மெதுவாக் கரைஞ்சு பிடிச்சு வைக்கும். கூரைப் பீலித் தண்ணி தொட்டிக்குள்ள வரக்கூடாது. விளிம்புக்கு 2 அங்குலம் கீழ ஒண்டரை அங்குலப் பிவிசி பைப்பால வழிவு வச்சு, வாய்க்கு வலை கட்டு. இல்லாட்டி மாரியில மீன் முற்றத்தில கிடக்கும்.

[9:40] கல்முனை மச்சான்: பம்பு வாங்கும்போது பெட்டியில இரிக்கிற எண்ண நம்பாத. 3000 எண்டு போட்டிருந்தா அது தூக்காம, சமதரையில. ஒரு மீற்றர் தூக்கினா நல்லாக் குறையும். உனக்கு வடிகட்டிப் பீப்பாய் வாயால மணித்தியாலத்துக்கு 1,500 லீட்டராவது வந்து விழோணும். 10 லீட்டர் வாளியப் பிடி, 24 செக்கனுக்குள்ள நிரம்பினாச் சரி.
பம்ப அடியில வைக்காத, ரெண்டு சீமெந்துக் கல்லுக்கு மேல ஒரு அடி உயரத்தில வை. பைப்பு கழண்டா அது தொட்டியக் காலியாக்கிரும், இப்பிடி வச்சா ஒரு அடித் தண்ணி மிஞ்சும்.

[9:43] கல்முனை மச்சான்: வயர் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சுக்குப் பிறகுதான் வரோணும். பிளக்குக்கு வாற வயர் ஒருக்காக் கீழ தொங்கி மேல ஏறோணும், வயர் வழியா வாற தண்ணி அந்த வளைவில சொட்டிப் போகும். தண்ணிக்குள்ள கை விட முந்தி பிளக்கக் கழட்டு. ஒவ்வொரு தரமும்.

*செவ்வாய்க்கிழமை*

[பி.ப 5:12] கல்லடித் தங்கச்சி: அமோனியா 0.5. காலமை மேல வரல்ல! ஆனா பச்சை அப்பிடியே. பெரியக்கா, ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) ஒரு கூடை அள்ளிப் போட்டா பாசி போகும் எண்டு ஒருத்தர் சொன்னார்.

[5:16] பெரியக்கா: வேணாம் கா! 1909லயே அதுக்கெண்டு சட்டம் போட்ட செடி. கிட்டங்கியில ஆத்த மூடிக் கிடக்கிறதப் பாத்தாத் தெரியும். சில கிழமையில உன்ட தொட்டிய மூடிரும், ராவில கீழ ஒட்சிசன் இரிக்காது. வீசினா வாய்க்காலால வாவிக்குப் போகும்.
வள்ளைக்கீரை வை. முத்தின தண்டு, ரெண்டு கணு தண்ணிக்குள்ள இரிக்கிற மாதிரி, ஓட்டைக் கூடையில கல்லுப் போட்டு விளிம்பில தொங்க விடு. நைத்திரேற்ற அது இழுக்கும், பாசிக்குச் சாப்பாடு குறையும். கிழமைக்கு ஒருக்கா நுனி வெட்டு, வெட்ட வெட்டத்தான் இழுக்கும். தொட்டிக்கு மருந்து விட்டிருந்தா மட்டும் அந்தக் கீரையச் சமைக்காத.
ஆம்பல் எண்டா சட்டியில வயல் களிமண், மேல ரெண்டு அங்குலம் கூழாங்கல். கல் இல்லாட்டி கோய் ஒரே ராவில கிண்டிரும்.

[5:19] சின்ன மாமா: அதோட நிழல். மத்தியான வெயில் பாதியாவது மறையோணும். பந்தல் கட்டி நிழல் வலை போடு. கிடுகு எண்டா மழையில மண்ணிறச் சாறு ஒழுகும். பச்சை தன்னால 3, 4 கிழமையில தெளியும். பச்சைய அழிக்கிற மருந்து இப்ப வேணாம், பாசி ஒண்டாச் செத்தா அழுகி, ஒட்சிசன் ஒரே ராவில போயிரும்.

[7:30] பெரியக்கா: ஒண்டு மறந்திட்டன், முக்கியம். டெங்குப் புகை அடிக்க வந்தா முதல்ல தொட்டிய பொலித்தீனால மூடு, எயார் பம்ப நிப்பாட்டு. அந்த மருந்து மனுசரை விட மீனுக்குக் கன மடங்கு நஞ்சு, எயார் பம்பு வெளிக் காத்தத்தானே உறிஞ்சி உள்ள விடுது. புகை அடங்கி அரை மணித்தியாலத்தால திற. வீட்டுக்குள்ள அடிக்கிற நுளம்பு ஸ்பிறேயும் தொட்டிப் பக்கம் கொண்டு போகாத.

*வெள்ளிக்கிழமை*

[காலை 6:30] கல்லடித் தங்கச்சி: அமோனியா 0.25, நைத்திரைற்று 0.25. பிஎச் 7.6. ஆனா கோல்ட் ஃபிஷ் 12 தான் இருந்தது, இண்டைக்கு 10. விளிம்பில செதில் ஒட்டிக் கிடக்கு 📷

[6:41] சின்ன மாமா: செதிலும் ஈரத் தடமும் விளிம்பில எண்டா கொக்கோ பூனையோ. மீன்கொத்தி செதில் விடாது, தூக்கிட்டுப் போயிரும். கபரக்கொய்யா (நீர் உடும்பு) வந்தா சட்டியும் கவுண்டு கிடக்கும்.
வலை கட்டோணும். தங்கூசி வலை வேணாம், குருவியும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும். தடிச்ச நூல், ஒரு அங்குலக் கண், தண்ணிக்கு ஒரு அடி மேல, தொய்யாம இழுத்து. தொய்ஞ்சா கொக்கு மேல நிண்டு அமத்திக் கொத்தும்.

[6:45] பெரியக்கா: வலை சின்னப்பிள்ளையத் தாங்காது. தம்பிட மகன் வந்து போற வீடு. வலைக்குக் கீழ இரும்புக் கம்பிச் சட்டமும் வை, ஒரு குழந்தை மூழ்க இரண்டரை அடித் தண்ணி போதும்.

[6:52] கல்லடித் தங்கச்சி: சட்டமும் செய்விக்கிறன் அக்கா. மாமா, இனி தீன் போடலாமா? புதுசா ரெண்டு கோல்ட் ஃபிஷ் வாங்கட்டா?

[7:03] சின்ன மாமா: தீன் போடலாம். நாளைக்கு ஒரு நேரம், காலமை 9 மணிக்கு, மிதக்கிற தீன் ஒரு தேக்கரண்டி. 3 நிமிசத்தில முடியோணும். மிச்சத்த அரிகூடையால அரிச்சு எடுத்து, நாளையிண்டைக்கு அரைக் கரண்டியாக் குறை. அமோனியாவும் நைத்திரைற்றும் 0க்கு வந்து ஒரு கிழமை அங்கயே நிண்டா நாளுக்கு ரெண்டு நேரம்.
புது மீன் 6 கிழமைக்கு வேணாம். பிறகு வாங்கினாலும் 3 கிழமை தனித் தொட்டியில வச்சுப் பாத்துத்தான் சேர். கடைப் பைத் தண்ணிய உள்ள ஊத்தாத.

[7:05] சின்ன மாமா: கோயப் பத்தியும் சொல்லோணும். அது ரெண்டு அடி வரைக்கும் வளரும். ஒண்டுக்கு ஆயிரம் லீட்டர், நாலு அடி ஆழம் வேணும். 2,800 லீட்டரில ஆறு கோய் எண்டா நீ எவ்வளவு கவனமாப் பாத்தாலும் அமோனியா திருப்பி ஏறும். பெரிய தொட்டி உள்ள ஆருக்கும் குடு, கோல்ட் ஃபிஷ்ஷோட நில்லு. டேங்க் கிளீனரையும் கடைக்கே திருப்பிக் குடு. குளத்திலயோ வாவியிலயோ மட்டும் விட்டுராத, அது அங்க பெருகி வலையெல்லாம் கிழிக்கும்.

[7:10] கல்லடித் தங்கச்சி: ஆறையும் குடுக்க மனசில்ல மாமா. ஆனா ஆள் தேடுறன். கழுவின பீப்பாய் மூண்டும் நிரப்பிக் கட்டி வச்சிரிக்கு. மச்சான், வலை கட்ட எத்தனை மணிக்கு வாறீங்க?

[7:12] கல்முனை மச்சான்: 4 மணிக்கு. ட்ரிப் சுவிச்சும் கொண்டு வாறன். நீ அரை அங்குலக் கொளுக்கி 16 வாங்கி வை, நீளப் பக்கம் அஞ்சஞ்சு, அகலப் பக்கம் மும்மூண்டு.