ஊட்டி வீட்டில் கரண்ட் பில் பல மடங்கு, கீஸர் கோளாறா? அவசர உதவி

மலைக்காற்று: வணக்கம். இந்த முறை பில் பல மடங்கு வந்திருக்கிறது. கீஸர்தான் காரணம் என்று நினைக்கிறேன். காயில் மாற்றினால் போதுமா, புதிதாகவே வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்: எத்தனை யூனிட்? கீஸர் எத்தனை லிட்டர்? வீட்டில் எத்தனை பேர்? எதுவுமே சொல்லவில்லையே நண்பரே.

தேயிலைக்காடு: கீஸர் இல்லை, மீட்டர்தான். எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆனது. மீட்டரைச் சோதிக்க எழுதிக் கொடுங்கள்.

பழைய_வயர்மேன்: முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். பில் தொகையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் யாரும் யூனிட்டைப் பார்ப்பதில்லை. முதலில் பழைய ரீடிங்கையும் புது ரீடிங்கையும் எழுதுங்கள் தம்பி. அப்புறம் காயிலைப் பற்றிப் பேசலாம்.

மலைக்காற்று: மன்னிக்கவும் சார். போன முறை 380 யூனிட், இப்போது 910. கீஸர் 25 லிட்டர், 2000 வாட். ஐந்து பேர் இருக்கிறோம். தகரக் கூரை போட்ட பழைய வீடு.

பழைய_வயர்மேன்: அப்படியானால் கீஸரை விடுங்கள். ஊட்டியில் ஆடி மாதமும் வெந்நீரில்தானே குளிக்கிறோம்? அந்தச் செலவு போன பில்லிலும் இருந்திருக்கும். 12 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஒருமுறை கொண்டுபோக ஒன்றரை யூனிட்கூட ஆகாது. உங்களுக்குக் கூடியிருப்பது 530 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய 9. 1500 வாட் ரூம் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் அதே 9. எந்த அறையில் ஹீட்டர் இருக்கிறது?

மீட்டர் மேல் சந்தேகம் என்றால் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதில் சிமிட்டும் சிவப்பு விளக்கைக் கால் மணி நேரம் பாருங்கள். சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ கரண்ட் போகிறது, அல்லது மீட்டரில் கோளாறு.

மலைக்காற்று: தாத்தா அறையில் ஒன்று இருக்கிறது. முட்டி வலி, குளிர் தாங்கவில்லை. ஆனால் அது சின்னது சார், ராத்திரி மட்டும்தான் போடுகிறோம்.

கேத்தி_அக்கா: ஆயில் ஹீட்டர் வாங்குங்கள் தம்பி, கரண்ட் பாதிதான் ஆகும்.

பழைய_வயர்மேன்: பாதி ஆகாது அம்மா. வாட் ஒன்றென்றால் தருகிற சூடும் ஒன்றுதான். அணைத்த பிறகும் ஆயில் ஹீட்டரில் கொஞ்ச நேரம் கதகதப்பு நிற்கும், அவ்வளவே.

தேயிலைக்காடு: ஹீட்டரே வேண்டாம். இரும்புச் சட்டியில் கரித் தணல் போட்டுக் கட்டிலுக்கு அருகில் வைத்தால் விடியும்வரை சூடு. செலவே இல்லை.

குன்னூர்க்காரன்: தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு விழிப்பே வராது.

தேயிலைக்காடு: எங்கள் பாட்டி காலம் முழுக்க இப்படித்தான் குளிர்காய்ந்தார்கள். யாருக்கு என்ன ஆனது?

குன்னூர்க்காரன்: அந்த வீடுகளில் புகைபோக்கி இருந்தது, ஓட்டு இடுக்கில் காற்றும் வந்துபோனது. இப்போது கதவு ஜன்னலை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். நீங்கள் சொல்வதை நம்பி ஒருவர் செய்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பதிவை நீக்குங்கள்.

தேயிலைக்காடு: எச்சரித்துவிட்டீர்கள் அல்லவா, போதும். நான் நீக்கப்போவதில்லை.

பழைய_வயர்மேன்: குன்னூர்க்காரர் சொல்வதுதான் சரி. கரி வேண்டாம், முடிந்தது பேச்சு. தம்பி, இன்னொன்று. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கு இருக்கும் சலுகையும் போய்விடும். கூடிய யூனிட்டோடு அதுவும் சேர்ந்துதான் உங்கள் பில் இவ்வளவு உயர்ந்திருக்கிறது. எப்படியாவது 500க்குள் கொண்டுவரப் பாருங்கள்.

கேத்தி_அக்கா: சூடு எங்கே போகிறது என்றும் பாருங்கள் தம்பி. எங்கள் வீட்டில் ஊதுபத்தி கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். நேராக எழும்பிய புகை கீழ் மூலையில் சட்டென்று உள்பக்கம் சாய்ந்தது, அங்கே விரல் நுழைகிற இடைவெளி. ஃபோம் பட்டை ஒட்டி, கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். அறையே மாறிவிட்டது. தகரத்துக்குக் கீழே பலகை அடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சூடெல்லாம் மேலேதான் போகும்.

மலைக்காற்று: எல்லோருக்கும் நன்றி. நேற்று எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன், மீட்டர் சிமிட்டவில்லை. ஹீட்டர் அடியில் 1500 வாட் என்று போட்டிருக்கிறது. தாத்தா தூங்கிய பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போது படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் போட்டு அணைத்துவிடுகிறோம். போர்வைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைக்கிறோம். நேற்று ராத்திரி தாத்தா எங்களை ஒருமுறைகூட எழுப்பவில்லை.

கேத்தி_அக்கா: பையின் மேல் துணி சுற்றி வையுங்கள், வயதானவர் தோல் சுட்டுவிடும். பலகை அடித்திருக்கிறதா, சொல்லவே இல்லையே?