மாறுகிற ஊரில் விசுவாசத்தோடு வாழ்வது: கொங்கு நாட்டிலிருந்து சில அனுபவங்கள்

ஈரோடு, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

கேள்வியை எழுப்பியவன் நான் என்பதால் முதல் அனுபவத்தையும் நானே எழுதிவிடுகிறேன். ஊர் மாறுகிறது, பழக்கங்கள் மாறுகின்றன. இவற்றுக்கு நடுவில் நம் விசுவாசத்தை விடாமலும் ஊரை விட்டு விலகாமலும் வாழ்வது எப்படி என்பதை உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். பிரசங்கம் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அது எனக்கும் பொருந்தும்.

1990களின் தொடக்கத்தில் பவானிக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்கு வேலை. நாங்கள் குடியிருந்தது ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய சாளை என்னும் சிறு வீட்டில். புதிதாகத் திருமணமான எங்களுக்குத் தயிரும் கீரையும் அந்த வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. மாரியம்மன் நோம்பி முடிந்ததும் கெடா வெட்டி ஊரையே கூட்டி விருந்து வைப்பார்கள். படையல் இட்ட உணவைத் தொடக்கூடாது என்று என் தந்தை சொல்லி வளர்த்திருந்ததால், முதல் ஆண்டு அவசர வேலை என்று பொய் சொல்லி ஈரோட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டாம் ஆண்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங் வாத்தியாரே, போன நோம்பிக்கும் ஊருக்குப் போயிட்டீங்க, இந்த நோம்பிக்கும் பொட்டி கட்டறீங்க. எங்கூட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதுங்களா?"

அந்தக் கேள்வியில் கோபத்தை விட வருத்தமே அதிகம் இருந்தது. சாதியை மனத்தில் வைத்துத்தான் நாங்கள் ஒதுங்குகிறோம் என்று அவர் எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமிக்குப் படைத்ததை நாங்கள் உண்பதில்லை, அதற்கு மேல் வேறெதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நட்பு முறிந்தது என்றே நினைத்தோம். விருந்தன்று காலையில் அவருடைய மனைவி என் மனைவியை அடுப்படிக்கு அழைத்துப் போய், தனியாக மூடி வைத்திருந்த ஒரு சட்டியைக் காட்டி, "இது படைக்காததுங்க அம்மிணி, முன்னாலயே எடுத்து வெச்சுட்டேன்" என்றார். ஊரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டோம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 ஆகிய அதிகாரங்களை அதன் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். கடையில் விற்கும் இறைச்சியை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் உண்ணலாம், ஒருவர் அழைத்த விருந்துக்கும் போகலாம், ஆனால் 'இது படைக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக உண்ண வேண்டாம் என்கிறார் அவர். என் தந்தை அந்தப் பகுதியின் கடைசி வரியை மட்டுமே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். விருந்துக்குப் போகலாம் என்ற முன்வரி எங்கள் வீட்டில் ஒருபோதும் வாசிக்கப்படவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் அந்த வீட்டுப் பையன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கிறிஸ்துமஸ் மண்டல விரதக் காலத்தில்தானே வருகிறது! புதுப் பாத்திரம் வாங்கி அவனுக்கென்று சைவச் சாப்பாடு சமைத்தாள் என் மனைவி. பிரியாணியை ஒரு நாள் தள்ளி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது என் மகனுக்கு வயது 29. பெங்களூரில் வேலை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சபை தன் தாத்தாவின் காலத்திலேயே நின்றுவிட்டது என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களைக் கேட்கிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் மேற்பார்வையாளர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊரில் சிக்கல் சாப்பாட்டில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலை கைக்கு வரும். ஞாயிறு விடுமுறை என்றுதான் பெயர். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் ஞாயிறும் ஓவர்டைம்தான். வர மறுக்கிறவர்களுக்கு அடுத்த வாரம் வேலை குறைந்துவிடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளில் ஆராதனைக்குப் போன ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். போகாத குற்ற உணர்வு ஒரு பக்கம், "வேலைதான் தெய்வமாகிவிட்டது" என்று சபையில் பெரியவர்கள் பேசுவது ஒரு பக்கம்.

எங்கள் போதகர் அப்படிப் பேசவில்லை. தைத்துக்கொண்டும் அயர்ன் செய்துகொண்டும் இருக்கிற எங்களைப் பார்க்க ஒரு சனிக்கிழமை இரவு குடியிருப்புக்கு வந்து, எத்தனை மணிக்கு உங்களால் வர முடியும் என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து அதிகாலை ஐந்தரை மணிக்கு ஓர் ஆராதனை தொடங்கியது. இது புதுப் பழக்கம், தேவாலயத்தைக் கம்பெனியின் ஷிஃப்டுக்கு அடகு வைக்கிறீர்கள் என்று சபைக் கமிட்டியில் சண்டை நடந்தது. அப்போது அவர் சொன்ன ஒரு செய்தி எனக்கு மறக்கவில்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியும் முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று குறித்திருக்கிறாராம். ஞாயிறு ரோமப் பேரரசில் ஓய்வு நாளானது 321இல், கான்ஸ்டன்டைன் ஆணையால்தான். அதற்கு முன் அடிமைகளும் கூலிக்காரர்களும் ஆராதித்துவிட்டு வேலைக்குத்தான் போயிருப்பார்கள். "ஒன்பது மணி ஆராதனைதான் புதுப் பழக்கம், ஐந்தரை மணி பழையது" என்றார் போதகர். கமிட்டி அமைதியாகிவிட்டது.

இதோடு நிறுத்தினால் என்னைப் பற்றி நல்ல எண்ணத்தோடு படித்து முடிப்பீர்கள். ஆனால் நடந்தது இன்னும் இருக்கிறது. மேற்பார்வையாளர் ஆனதும், ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதில் எட்டரைக்கு வருவேன் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, என் டேபிளில் வேலை செய்யும் பெண் ஒருத்தி குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அரை நாள் கேட்டாள். செக்கிங் முடியாத துணி பீஸ்கள் நிலுவையில் இருந்ததால் முடியாது என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை இருக்குது, எங்களுக்கு வெள்ளிக்கிழமை இல்லீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு டேபிளுக்குப் போய்விட்டாள். என் சாமிக்கு நேரம் கேட்கத் தெரிந்த எனக்கு அவளுக்கு நேரம் கொடுக்கத் தெரியவில்லை. பதினோரு மணிக்கு நானே போய் அனுப்பி வைத்தேன். அதற்குள் பொங்கல் வைத்து முடித்திருப்பார்கள்.

இப்போது எங்கள் அதிகாலை ஆராதனைக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களும் வருகிறார்கள். தமிழ்ப் பாட்டு அவர்களுக்குப் புரிவதில்லை. மாதம் ஒரு முறை இந்தியில் வேத வாசிப்பு உண்டு, அவர்களே வாசிக்கிறார்கள். இந்தி எதற்கு என்று கேட்பவர்கள் சபையில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மேட்டுப்பாளையம், மெக்கானிக்:

எங்களுடையது சிறிய சபை. இளைஞர்களை இழுக்க வேண்டும் என்று கடன் வாங்கி டிரம்ஸ் செட்டும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வாங்கினோம். புதிதாக ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மட்டும் வந்தார், மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை, சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்பதற்காக. ஸ்பீக்கர்களைக் கல்யாண மண்டபக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டோம். டிரம்ஸ் இருக்கிறது, மெதுவாக வாசிக்கிறோம். மெதுவாக வாசிக்கத் தெரிந்தவன் கிடைக்க ஓராண்டு ஆயிற்று.

கோயம்புத்தூர், கணினி நிறுவனப் பணியாளர்:

ஆசிரியரின் மகன் சொல்வது போலத்தான் நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை மாற்றியது என் அப்பத்தாவின் மரணம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் தேருக்கு அப்பத்தா ஓர் ஆண்டு கூடத் தவறியதில்லை. அவர் திருப்பலி என்று சொல்லமாட்டார், பூசை என்பார். இறைவன் என்று சொல்லமாட்டார், சர்வேசுரன் என்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்த பிறகு இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. பிறகு அந்தத் தமிழும் மாறி, வடமொழிச் சொற்கள் குறைந்த செபங்கள் வந்தன. எங்கள் பங்குக் கோயிலில் எல்லாரும் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சொல்லும்போது அப்பத்தாவின் குரல் மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தனியாகக் கேட்கும். கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணத்துக்கும் மாதாவுக்கும் என்ன தொடர்பு என்று சிறுவயதில் நான் குழம்பியதுண்டு.

மருத்துவமனையில் கடைசி இரவு நான்தான் உடன் இருந்தேன். வேறெந்தச் சொல்லும் வராத வாயிலிருந்து அந்தப் பழைய செபம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியை மற்றவர் சொல்லி முடிக்க வேண்டும் அல்லவா? அவர் சொல்லி நிறுத்தியதும் நான் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று தொடங்கினேன். அவர் முகம் சுருங்கியது; அது தன் செபத்தின் மறுபாதி என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்த பெரியம்மாவைக் கைபேசியில் அழைத்து, "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல நான் திரும்பச் சொன்னேன். பொருள் முழுவதும் புரியாமலே சொன்னேன். அப்பத்தாவின் முகம் தெளிந்தது.

அதுவரை பழைய மொழியை விட்டால்தான் இன்றைய மனிதர்களோடு பேச முடியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பழைய மொழியும் ஒரு காலத்தில் புதுமைதான். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குருவான இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, இங்கிருந்த சொற்களில் நற்செய்தியைச் சொன்னார். 1623இல் நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்திருக்கிறார். அவரையும் அன்று ஐரோப்பியர் பலர் விசுவாசத்தை விற்றுவிட்டதாகத்தான் குற்றம் சாட்டினார்கள். அதே 1623இல்தான் உரோமை அவருடைய முறைகளை அனுமதித்தது. இன்று எங்கள் பங்கின் இளையோர் குழுவில் மறைக்கல்வி கற்பிக்கிறேன். புதிய செபத்தோடு பழையதையும் ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், வீட்டில் போய்ப் பாட்டிகளிடம் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தாராபுரம் அருகே ஒரு கிராமம், அரசு ஊழியர்:

கோயம்புத்தூர்ச் சகோதரியின் அனுபவம் என் மனத்தைத் தொட்டது. ஆனால் தெ நொபிலி காவியை மட்டுமா எடுத்துக்கொண்டார்? பூணூலையும் எடுத்துக்கொண்டார், உயர்சாதியாரோடு மட்டும் புழங்குவதையும் எடுத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்களை ஏற்படுத்த 1640 வரை ஆயிற்று. ஊர்ப் பண்பாட்டோடு ஒத்துப்போவது என்று நாம் பெருமையாகப் பேசும்போது, எந்த ஊர், யாருடைய பண்பாடு என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆசிரியர் ஐயா எழுதிய அந்தப் பந்தியில் என் தந்தைக்கு அந்த நாளில் இலை போட்டிருக்க மாட்டார்கள்.

என் தந்தை ஞானஸ்நானம் பெற்றவர். பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடைப்பதற்காகப் பள்ளிச் சான்றிதழில் என்னை இந்து என்று பதிய அவரிடம் பலர் சொன்னார்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்து, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். என் தந்தை கிறிஸ்தவன் என்றே பதிந்தார். அதனால் எனக்கு வேலை கிடைக்கத் தாமதமாயிற்று. மாற்றிப் பதிந்த குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். ஆனால் இவ்வளவு கொடுத்து வாங்கிய பெயரோடு நான் சபைக்குள் வந்தால், அங்கே கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த ஓரம் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

சென்ற ஆண்டு என் மகளுக்கு வரன் தேடினோம். விசுவாசக் குடும்பம், ஜெபிக்கிற பெண் வேண்டும் என்று எழுதியிருந்த பயோடேட்டாக்களில் பெரும்பாலானவற்றில் அடுத்த வரி சாதிதான். என் மகள் அவற்றைப் படித்துவிட்டு, "அப்பா, இவங்க மாறவே இல்லைங்களே, பிறகெதுக்கு மாற்றத்தைப் பத்திப் பயப்படறாங்க?" என்று கேட்டாள்.

ஈரோடு, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தாராபுரத்துச் சகோதரருக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மூன்று நாள் ஆகிவிட்டது. அந்தப் பந்தியில் யார் யார் இல்லை என்று நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த விருந்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

என் மகனுடைய பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தேன். நானே என் கையால் எழுதியது. ஐந்தாவது வரியில் அது இருந்தது. அடித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்து, மகனுக்கும் அனுப்பி வைத்தேன். அவன் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினான். என் மனைவிதான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உறவில் என்ன பதில் சொல்வது என்பது அவள் கவலை. இன்று காலை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தத் தாராபுரத்துக்காரர் பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருச்சான்னு கேட்டீங்களா?" என்றாள். இன்னும் கேட்கவில்லை. சகோதரர் இதைப் படித்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.