வியர்வையில் நழுவாத, ஒரே பாட்டில் வேறு வேறு ஒலி தரும் கிட்டார் பிக்: எப்படிச் செய்யலாம்?

சூரமங்கலம் ரிதம்:

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன், ஞாயிறு காலையில் சர்ச் ஆராதனைக்கும் ரிதம் நான்தான். கேள்வி பிக் பற்றியது, அதாவது கம்பியை மீட்ட விரலில் பிடிக்கும் சின்ன வில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஏப்ரல், மே வெயில் உங்களுக்கே தெரியும். கல்யாண ரிசப்ஷன் மேடையில் மேலே ஃபோகஸ் லைட்டும் சேர்ந்துவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே விரல் ஈரமாகிவிடுகிறது. பிக் கீழே விழுவதில்லை, மெல்லச் சுழல்கிறது, நுனி இருக்க வேண்டிய இடத்துக்கு அதன் தோள், அதாவது பக்கத்து மூலை, வந்து நிற்கிறது. அதைத் தடுக்க இறுக்கிப் பிடிக்கிறேன், இறுக்கினால் மணிக்கட்டு விறைத்துப்போகிறது, ஸ்ட்ரம், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து வருடுவது, தட்டுகிற மாதிரி கேட்கிறது. இது முதல் பிரச்சினை.

இரண்டாவது, ஒலி. சரணத்துக்கு மெல்லிய பிக்கில் வருகிற மென்மையான ஸ்ட்ரம் வேண்டும், அடுத்து வரும் இடையிசையில் ஒற்றைக் கம்பியில் தெளிவாக, கூர்மையாக வாசிக்க வேண்டும். பாட்டு நடுவில் பிக் மாற்ற அவகாசமே இல்லை. 0.73 மி.மீ. தடிமன் பிக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, இரண்டையும் முழுதாகத் தருவதில்லை. மேடு மேடாகப் பதித்த நைலான் பிக் பிடிமானத்துக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒலி ஒன்றுதான்.

யோசனை இது: பெரிய முக்கோண பிக், மூன்று மூலையும் மூன்று விதம். வாசிக்கும்போதே விரலுக்குள் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் திருப்ப வசதியாக வழவழப்பாக இருந்தால் நழுவும், சொரசொரப்பாக இருந்தால் திரும்பாது. சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டலாம் என்று பார்த்தால், அந்த மேட் பூச்சு போலத் தெரியும் பிக்குகளில் எந்தப் பசையும் நிற்பதில்லை. யாராவது இந்த வழியில் போயிருக்கிறீர்களா? எந்தப் பொருள், என்ன தடிமன், பிடிமானம் எங்கே வர வேண்டும்?


மலைமேல் கிட்டார் (ஏற்காடு):

நல்ல கேள்வி தம்பி. எனக்கு இங்கே நேர் எதிர்ப் பிரச்சினை. டிசம்பரில் விரல் காய்ந்து, குளிர்ந்து, கண்ணாடியைப் பிடிக்கிற மாதிரி வழுக்கும். ஆக நழுவுவதற்கு வியர்வை மட்டும் காரணம் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துவிடலாம். பிடிமானமும் ஒலியும் தனித்தனி விஷயம் இல்லை. தளர்வாகப் பிடித்த பிக் கம்பியைத் தாண்டும்போது கொஞ்சம் வழிவிடும், அந்த வழிவிடுதல்தான் ஸ்ட்ரம்மின் மென்மை. அதே பிக்கை இறுக்கினால் அது தடித்த பிக் மாதிரி நடந்துகொள்ளும். அதனால் நீங்கள் தேடும் பிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ள வேண்டியது இல்லை, தளர்வாகப் பிடித்தாலும் சுழலாமல் இருந்தால் போதும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மூலைகளுக்கு வருவோம். கூரான நுனி கம்பியை ஒரு சின்னப் புள்ளியில் இழுத்து விடுகிறது, அதனால் மேற்சுரங்கள் (மூல சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) அதிகம் கிளம்பி ஒலி பளிச்சென்று இருக்கும். உருண்டையான முனை அகலமாகத் தொடுவதால் மேற்சுரங்கள் அடங்கும். தடிமனும் முக்கியம். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. அதாவது நடுவில் 1.5 மி.மீ. வைத்து, ஸ்ட்ரம் மூலையை மட்டும் 0.7 வரை இழைத்துக் கொண்டுவந்தால் பிடிக்கும் இடம் கெட்டியாகவும் நுனி நன்றாக வளைகிற மாதிரியும் கிடைக்கும். ஒரே தடிமனில் மூன்று வடிவ மூலை வைப்பதைவிட இதில் வித்தியாசம் அதிகம் தெரியும்.

பசை ஒட்டாததற்குக் காரணம் பொருள்தான். அந்த மேட் பிக்குகளில் பல டெல்ரின், அதாவது அசிட்டால் பிளாஸ்டிக். சாதாரணப் பசைகள் அதைப் பிடிப்பதே இல்லை. முன்பெல்லாம் அழுங்காமை ஓட்டில் பிக் செய்தார்கள். அந்த ஆமையைப் பன்னாட்டு வணிகத்தில் தடைசெய்த பிறகு, டன்லப் நிறுவனம் 1981இல் டார்டெக்ஸ் என்ற பெயரில் டெல்ரின் பிக்கை மாற்றாகக் கொண்டுவந்தது. நல்ல பொருள், நைலான் போல ஈரம் குடித்துத் தொய்வதில்லை. மேலே எதையும் ஒட்ட நினைக்காமல் அதன் உடம்பிலேயே பிடிமானத்தை வெட்டுங்கள்.

இன்னொன்று, இதை எல்லாருக்கும் சொல்கிறேன். சால்டரிங் அயர்னால் பிக்கில் புள்ளி புள்ளியாகச் சுட்டுப் பிடிமானம் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்டு பிக் என்றால் சட்டென்று தீப்பிடிக்கும், பழைய சினிமாச் சுருள்கள் எரிந்ததும் அதே ரகப் பொருளால்தான். டெல்ரினைச் சுட்டால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், மூடிய அறையில் அது ஆபத்து.


பட்டறைக்காரன் (செவ்வாய்ப்பேட்டை):

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் கொலுசுப் பட்டறையில் பாலிஷ் வேலை பார்க்கிறவன், கிட்டாரும் வாசிப்பேன், அதனால் விளிம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளிம்புக்கு யாரும் கவனம் கொடுப்பதில்லை, ஒலியில் பெரிய பங்கு அதற்கு இருக்கிறது.

உங்களிடம் நன்றாகத் தேய்ந்த பழைய பிக் ஒன்று இருக்கும், தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நுனி நடுவில் தேய்ந்திருக்காது, ஒரு ஓரமாகச் சரிந்திருக்கும். பிக்கைத் திருப்பிப் பார்த்தால் அந்த முகத்திலும் பார்க்கிறவருக்கு அதே பக்கம்தான் சரிவு இருக்கும். கீழ் அடிக்கு ஒரு முகம், மேல் அடிக்கு மறு முகம், கை சாய்ந்திருக்கும் கோணம் இரண்டுக்கும் ஒன்று. அந்தச் சரிவுதான் உங்கள் கையின் அளவு. புது பிக்கில் அதே கோணத்தில் சரிவு இழைத்துவிட்டால் முதல் நாளே பழகிய பிக் மாதிரி ஓடும். இடது கையால் வாசிக்கிறவருக்கு இது அப்படியே கண்ணாடிப் பிம்பமாக வரும், அதனால் இன்னொருவர் சரிவை நகல் எடுக்காதீர்கள்.

இழைக்கும் முறை: சின்ன அரத்தில் வடிவம் எடுங்கள், அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரோடு தேயுங்கள், பிறகு 800, 1200, 2000. ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல் மறையும் வரை நிற்க வேண்டும். 800இல் இருந்து நேராக 2000க்குத் தாவினால் கீறல் உள்ளேயே தங்கிவிடும், சுற்றுக் கம்பியில் (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பி) வாசிக்கும்போது அது 'சர்ர்' என்று காட்டிக் கொடுக்கும். கடைசியில் ஜீன்ஸ் துணியில் மெட்டல் பாலிஷ் தொட்டுக் கையால் தேய்த்தால் போதும். பஃபிங் மெஷினில் பிடிக்காதீர்கள், வெள்ளி தாங்குகிற சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது, விளிம்பு உருகி மடிந்துவிடும்.

ஒரு மூலையை மட்டும் வேண்டுமென்றே பாலிஷ் போடாமல் விடலாம் என்பது என் யோசனை. குயீன் குழுவின் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். நாணய விளிம்பில் உள்ள பல்வெட்டு கம்பியில் உரசும்போது வரும் கரகரப்பு அவர் ஒலியில் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவது மூலையின் விளிம்பில் அரத்தால் மெல்லிய பற்கள் போட்டால் அந்த ருசி கொஞ்சம் கிடைக்கும்.

வெள்ளியில் செய்யலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். செய்யலாம், ஒலி நன்றாகவே இருக்கும். ஆனால் எஃகுக் கம்பியைவிட வெள்ளி மென்மை, நுனி தேயும், வியர்வை பட்டு விரல் கறுக்கும். தினசரி மேடைக்கு ஆகாது.


லேத் மாமா (அம்மாபேட்டை):

மாப்ள, இதைத் தகட்டில் வெட்டாதே, லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) செய். பிக் திரும்பவும் திரும்பணும், நழுவவும் கூடாது என்று கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் வட்டம். குறுக்குக் கோடாகவோ கட்டமாகவோ வெட்டினால் ஒரு திசையில் பிடிக்கும், திருப்பினதும் வேறு மாதிரி இருக்கும். நடுவில் வட்ட வட்டமாகக் காடி (மெல்லிய பள்ளம்) எடுத்தால் எந்த மூலையைக் கீழே கொண்டுவந்தாலும் கட்டைவிரலுக்கு ஒரே உணர்வுதான்.

டெல்ரின் ராடு தொழிற்சாலைப் பிளாஸ்டிக் விற்கிற கடையில் துண்டாகவே கிடைக்கும், மெஷின்களில் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் செய்ய வாங்குகிற அதே ராடு. 35 மி.மீ. ராடு எடு. அதற்குள் அடங்கும் முக்கோணத்தின் பக்கம் 30 மி.மீ. வரும், கைக்குச் சரியான அளவு. லேத்தின் பிடியான சக்கில் பிடித்து முகத்தை ஃபேசிங் செய்து, அதாவது சமமாகச் சீவி, நடுவில் 6 மி.மீ. துளை போடு. 8 மி.மீ. விட்டத்தில் ஆரம்பித்து 16 மி.மீ. வரை கூரான டூலால் வளையக் காடிகள், ஆழம் 0.2 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் விரல் புண்ணாகும். 16ஐத் தாண்டாதே, தாண்டினால் வட்ட வில்லையை முக்கோணமாக வெட்டும்போது காடி விளிம்புக்கு வந்துவிடும். அப்புறம் 1.8 மி.மீ. கனத்தில் பார்ட்டிங் செய்து, அதாவது ராடிலிருந்து அறுத்து எடுத்து, கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் விரித்துப் பின்பக்கத்தை 1.5க்குத் தேய். டூல் நல்ல கூராக இருக்கணும், மழுங்கின டூல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும், வில்லை கிண்ணம் மாதிரி குழிந்துவிடும்.

துளை ஏன் என்றால், கட்டைவிரல் சதையும் ஆள்காட்டி விரல் சதையும் அதற்குள் லேசாகத் தொட்டுக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் வழுக்கினாலும் தோலும் தோலும் பிடித்துக்கொள்ளும்.


சூரமங்கலம் ரிதம்:

மாமா, இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவே இல்லை, ரொம்ப நன்றி. எல்லாருக்கும்தான். பழைய பிக்கைச் சாய்த்துப் பார்த்தேன், பட்டறை நண்பர் சொன்னபடியே இரண்டு முகத்திலும் ஒரே பக்கம் சரிந்திருக்கிறது. இத்தனை வருடம் கையில் இருந்ததை ஒருமுறைகூட இப்படிப் பார்த்ததில்லை.

இரண்டு சந்தேகம். காடி கட்டைவிரல் பக்கம் மட்டும் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா? மேடை இருட்டில் எந்த மூலை கீழே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?


மலைமேல் கிட்டார் (ஏற்காடு):

ஒரு பக்கம் போதும். ஆள்காட்டி விரல் மடங்கி, அதன் பக்கவாட்டில்தான் பிக்கைத் தாங்குகிறது, அதற்குத் தட்டையான இடம் வேண்டும். சுழலாமல் நிறுத்துவது கட்டைவிரல். இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருந்தால் பாட்டு நடுவில் திருப்ப முடியாது.

துளை விஷயத்தில் மட்டும் மாமாவோடு ஒத்துப்போக மாட்டேன். 6 மி.மீ. துளை நடுவில் இருந்தால் அந்த இடம் பலவீனமாகி, கெட்டியாக வாசிக்க வேண்டிய கூர் மூலையும் கொஞ்சம் தொய்யும் என்று நினைக்கிறேன். 4 போதும். துளையின் ஓரத்தைக் கண்டிப்பாக மழுக்கிவிடுங்கள், இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் கூர் ஓரம் விரலை அறுத்துவிடும்.

அப்புறம், மூலை மூன்று என்றாலும் ஒலி மூன்றோடு நிற்காது. அதே மூலையைப் பிரிட்ஜ் (உடம்பில் கம்பி கட்டியிருக்கும் இடம்) பக்கம் வாசித்தால் கூர்மை, சவுண்ட் ஹோலை (நடுத் துளை) தாண்டி நெக் (கழுத்து) பக்கம் போனால் இனிமை. அதனால் மூன்றாவது மூலையைக் கரகரப்புக்கு விட்டுவிட தைரியமாக முடிவெடுக்கலாம். நடுத்தர ஒலிக்கென்று தனியாக ஒரு மூலை தேவைப்படாது, அதைக் கை பார்த்துக்கொள்ளும்.


லேத் மாமா (அம்மாபேட்டை):

சரி, 4 மி.மீ. வைத்துப் பார்க்கலாம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. ஒரே ராடில் இரண்டு விதமும் எடுத்துத் தருகிறேன், நீயே வாசித்துச் சொல்.

இருட்டுக்கு வழி: மூலைக்கு எதிர்ப்பக்க விளிம்பில் அரத்தால் அடையாளம் போடு. மெல்லிய மூலைக்கு எதிரே ஒரு வெட்டு, கூர் மூலைக்கு எதிரே இரண்டு, பல்வெட்டு மூலைக்கு ஒன்றும் வேண்டாம். எந்த மூலை கீழே இருந்தாலும் அதன் எதிர் விளிம்பு உள்ளங்கைப் பக்கம் இருக்கும், நடுவிரலால் தடவினால் தெரிந்துவிடும்.

ராடு வெள்ளையிலும் கறுப்பிலும் கிடைக்கும். வெள்ளையாகவே வாங்கு, மேடையில் கீழே விழுந்தால் தேட வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் லேத் சும்மாதான் இருக்கும், ராடோடு வந்துவிடு, அந்தத் தேய்ந்த பிக்கையும் மறக்காமல் எடுத்து வா, சரிவுக் கோணம் பார்க்கணும்.