ஆசியான் கூடைப்பந்து லீக் எப்படி வளர்ந்தது?

பிடோக் ரசிகர்: 2009இல் ஆறு அணிகளுடன் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக், பின்னர் ஹாங்காங், தைவான் வரை பரவியது எவ்வாறு? நம் சிங்கப்பூர் இளையர்களுக்கு அதனால் பயன் கிடைத்ததா?

காலாங்வாசி: வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்க்க அனுமதித்த விதியே தரத்தை உயர்த்தியது என்பேன். 2008இல் ஆஸ்திரேலிய லீக்கிலிருந்து விலகிய சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணி, இந்த லீக்கில் சேர்ந்து வட்டார நாடுகளுக்குப் பயணம் செய்து ஆடும் வாய்ப்பைப் பெற்று, 2016, 2017, 2019 என மூன்று முறை இறுதிச் சுற்றை எட்டியும் கிண்ணத்தைக் கோட்டைவிட்டது. அந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களுடன் மோதிப் பழகியதே உள்ளூர் இளையர்களுக்குப் பெரிய பயிற்சிதான்.

பழைய ரசிகர்: ஸ்லிங்கர்ஸ் ஆடிய ஓசிபிசி அரங்கின் முன்வரிசையில் அமர்ந்தால் காலணிகள் தரையில் உரசும் கீச்சொலிகூடக் கேட்டது. பிலிப்பீன்ஸ் அணி வந்தாலோ, இங்கு வேலை செய்யும் அந்நாட்டவரின் ஆரவாரத்தில் நம் அணியே விருந்தாளிபோலத் தோன்றியது! 2020இல் கொவிட்-19 கிருமிப்பரவல் லீக்கின் 2019-20 பருவத்தைப் பாதியில் நிறுத்தியது.