மறு: தணிப்பு மருந்துகளின் ‘அப்யூஸ் பொட்டென்ஷியல்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பதற்றத்தைக் குறைக்கவும் தூக்கத்துக்காகவும் தரப்படும் தணிப்பு மருந்துகளைச் சிலர் போதைக்காகவும் எடுக்கிறார்கள். அப்படி எடுக்கத் தூண்டும் மருந்தின் குணம்தான் ‘அப்யூஸ் பொட்டென்ஷியல்’. அதற்கு இழையில் முதலில் வந்த ‘அடிமையாக்கும் திறன்’ வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மருந்துக்கு உடல் பழகிப்போவது வேறு, அது தரும் கிறக்கத்துக்காக அதைத் தேடிப் போவது வேறு. மருத்துவர் எழுதிய அளவிலேயே டயஸெபாம் என்ற தணிப்பு மருந்தை எடுத்து வருபவருக்கும் சில வாரங்களில் உடற்சார்பு வரலாம். திடீரென்று நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். அவரை அடிமை என்பது அநியாயம். அந்தச் சொல்லுக்குப் பயந்து ஒரே நாளில் மாத்திரையை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

‘துஷ்பிரயோக வாய்ப்பு’ கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் பழி ஆள்மேல் விழுகிறது. நாம் பெயர் தேடுவதோ மருந்தின் குணத்துக்கு. அதை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். போதைக்காக இவ்வகை மருந்துகளை எடுத்துப் பழகியவர்களுக்குப் புதிய மருந்து, ஏற்கெனவே குணம் தெரிந்த மருந்து, வெற்று மாத்திரை ஆகியவற்றை எது எதுவென்று சொல்லாமல் கொடுத்து, ‘எவ்வளவு பிடித்திருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். பிடித்தம்தான் முக்கிய அளவுகோல். வேகமாக மூளையை எட்டும் டயஸெபாம், அல்பிரஸோலம் இரண்டுக்கும் அது கூடுதல். மெதுவாக ஏறும் ஆக்ஸஸெபாமுக்குக் குறைவு. மூன்றும் பென்ஸோடையஸெபின் என்ற ஒரே குடும்பம், வேலை செய்வதும் மூளையின் பரபரப்பைத் தணிக்கும் ஒரே காபா ஏற்பியில்தான்.

அதனால் ‘பிறழ்பயன் ஈர்ப்பு’ என்று வைக்கலாமா? பிறழ்பயன் என்றால் போதைக்காக எடுப்பது. ‘திறன்’ பாராட்டுப் போல ஒலிக்கிறது. ஈர்ப்பு என்றால் அது மருந்திடம் இருப்பது தெளிவு. உயர் ஈர்ப்பு, தாழ் ஈர்ப்பு என்று தரம் பிரிக்கவும் வசதி. இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை விளக்கும்போது இது கைகொடுக்கும்: பென்ஸோடையஸெபின்களில் பெரும்பாலானவை அதன் 4ஆம் பட்டியலில் இருக்க, அதே குடும்பத்து ஃப்ளூனிட்ரஸெபாமை 1995இல் கட்டுப்பாடு கூடிய 3ஆம் பட்டியலுக்கு மாற்றினார்கள்.

சரி, இன்னொரு சிக்கல். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளுக்கான எச்சரிக்கையைத் திருத்தியபோது, பிறழ்பயன், அடிமைநிலை, உடற்சார்பு ஆகியவற்றோடு ‘மிஸ்யூஸ்’ என்பதையும் தனியாகவே சேர்த்தது. தூக்கம் வரவில்லையே என்று தானாக இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வது அந்த வகை. அங்கே போதை நோக்கம் இல்லை. அதற்கு ‘முறைமீறிய பயன்பாடு’ போதுமா? இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.