ரேமின் 'ரேங்க்': தரவரிசையா, நிரையா, பந்தியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பற்றிய ஆங்கிலச் சொல்லான 'ரேங்க்'கை நம் தமிழ்க் கையேட்டில் எப்படி எழுதுவது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. 'தரவரிசை' கட்சியும் 'நிரை' கட்சியும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. 'பந்தி' என்ற சொல்லை மீண்டும் முன்வைக்கிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

விவாதத்தைக் கிளப்பிய மடிக்கணினியிலிருந்து தொடங்குகிறேன். சொல்லைப் பற்றிப் பேசுவதில் அதை மறந்தேவிட்டோம். இன்டெல் 2008-இல் வெளியிட்ட ஜிஎம்45 சிப்செட் (செயலியையும் ரேமையும் இணைக்கும் சில்லுத் தொகுதி) உள்ள கணினி அது. டிடிஆர்3 வகை ரேம், இரண்டு செருகிடங்கள், உச்சவரம்பு 8 ஜிபி. நம் நண்பர் 2 ஜிபி ரேமை எடுத்துவிட்டு 4 ஜிபி ஒன்றைப் பொருத்தினார். விசிறி சுற்றியது, திரை இருண்டே கிடந்தது. எல்லோரும் செய்வதை அவரும் செய்தார்: பேட்டரியைக் கழற்றினார், ரேமின் தங்கப்பூச்சு விளிம்பை அழிப்பானால் தேய்த்தார், செருகிடத்தை மாற்றிப் பார்த்தார். பழைய ரேமைப் போட்டால் கணினி உடனே எழுந்தது. புதியதைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அதை வேறொரு மடிக்கணினியில் போட்டு, ஓடுகிறதே என்று காட்டிவிட்டார். ரேமிலும் குறை இல்லை, கணினியிலும் குறை இல்லை, ஆனால் இரண்டும் சேரவில்லை.

மின்னழுத்தம்தான் காரணம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். புதிய ரேம் டிடிஆர்3எல் எனப்படும் 1.35 வோல்ட் வகை, கணினி கொடுப்பது 1.5 வோல்ட். ஆனால் டிடிஆர்3எல் ரேம் 1.5 வோல்ட்டிலும் இயங்க வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது. அதை விட்டுவிடலாம்.

விடை ரேமின் மேல் ஒட்டிய தாளிலேயே இருந்தது. நண்பர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் "4ஜிபி 1ஆர்×8 பிசி3எல்-12800எஸ்" என்று தெரிகிறது (கடைசிப் பகுதி ரேமின் வகையையும் வேகத்தையும் குறிப்பது). அந்த '1ஆர்' என்பதை ஏதோ ஒரு தளத்தில் 'ஒற்றைத் தரவரிசை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நண்பர் அதைப் படித்துவிட்டு, இரண்டாம் ரேங்க்கைவிட முதல் ரேங்க் உயர்ந்த சரக்கு என்று எண்ணி, அதையே கேட்டு வாங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'ரேங்க்' என்று தமிழில் எழுதினாலும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டுதானே! அதனால் 'ரேங்க் என்றே எழுதிவிடலாம்' என்ற யோசனையும் எனக்கு ஒத்துவரவில்லை.

அந்தச் சொல்லின் பொருள் வேறு. ரேமிலிருந்து ஒரு நேரத்தில் 64 பிட் வெளியே வர வேண்டும். ரேமில் பதித்த ஒரு சில்லு (சிப்) 8 பிட் தருமானால் எட்டுச் சில்லுகள் சேர்ந்து 64 பிட்டை நிரப்பும். இந்த எட்டும் ஒரே சைகைக்கு ஒன்றாக விழிக்கும், ஒன்றாகப் பதில் தரும். அதுதான் ஒரு ரேங்க். பதினாறு சில்லுகள் இருந்தால் இரண்டு ரேங்க். இரண்டுக்கும் பாதை ஒன்றே என்பதால் ஒன்று பேசும்போது மற்றது வாய் மூடி இருக்க வேண்டும். '×8' என்பது ஒரு சில்லு தரும் பிட்களின் எண்ணிக்கை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 4 ஜிபி என்பது 32 கிகாபிட். அதை எட்டுச் சில்லுகளில் அடைத்தால் சில்லு ஒன்றுக்கு 4 கிகாபிட். பதினாறில் பிரித்தால் 2 கிகாபிட். ஜிஎம்45-க்குத் தெரிந்த மிகப் பெரிய சில்லு 2 கிகாபிட்தான். ஆகவே நண்பருக்குத் தேவைப்பட்டது 2ஆர்×8. வாங்கியது 1ஆர்×8.

'நிரை' ஏன் வேண்டாம்? ஆங்கிலச் சொல்லின் வேர் படைவீரர் வரிசை என்பதால் நிரை பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் சில்லுக்குள்ளேயே நிரைகளும் நிரல்களும் இருக்கின்றன. பாடநூல் கணிதத்தில் வரும் அதே நிரை, அதே நிரல். 8 பிட் தரும் 2 கிகாபிட் டிடிஆர்3 சில்லில் நிரை முகவரிக்கு 15 பிட், அதாவது 32,768 நிரைகள். 4 கிகாபிட் சில்லில் 16. ரேங்க்கையும் நிரை என்றால் "ஒரு நிரையிலுள்ள சில்லுகளில் 32,768 நிரைகள்" என்று எழுத நேரும். அதைப் படிப்பவர் கணினியை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். 'அணி'க்கும் இதே சிக்கல். கணிதத்தில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

'ஒருபக்கம், இருபக்கம்' என்ற யோசனை எளிது, ஆனால் பிழையானது. எட்டுச் சில்லுகளைப் பக்கத்துக்கு நான்காகப் பதித்த ரேம்கள் ஏராளம். அவற்றில் பக்கம் இரண்டு, ரேங்க் ஒன்று. கடைகளில் சொல்லும் 'எட்டு சிப்', 'பதினாறு சிப்' இதைவிட உருப்படியானது. நானும் வாங்கும்போது அப்படித்தான் கேட்பேன். அதுவும் எப்போதும் கைகொடுக்காது. 16 பிட் தரும் சில்லுகள் நான்கு இருந்தாலே ஒரு ரேங்க் ஆகிவிடும். அப்போது 'எட்டு சிப்' ரேமில் இரண்டு ரேங்க் இருக்கும்.

எனவே பந்தி. கல்யாண வீட்டில் ஒரு பந்தி என்றால் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக எழுபவர்கள். எத்தனை பேர் என்பது கூடத்தின் அகலத்தைப் பொறுத்தது. முதல் பந்தி இலையில் இருக்கும்போது இரண்டாம் பந்தி காத்திருக்கும். ரேங்க்கின் இலக்கணம் முழுவதும் இதில் வந்துவிடுகிறது. முக்கியமாக, முதல் பந்தியில் உட்கார்ந்தவர் உயர்ந்தவர் என்ற பொருள் இல்லை. (பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படையிலிருந்து வந்த சொல்லுக்குப் பந்தியைப் போடுவதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.) கூட்டுச்சொற்களும் இடறவில்லை: ஒருபந்தி ரேம், இருபந்தி ரேம், வழங்கிகளில் (சர்வர்களில்) வரும் நாற்பந்தி ரேம், பந்தித் தெரிவுச் சைகை.

> இலங்கையில் பந்தி என்றால் பத்தி. வாசகர் குழம்ப மாட்டாரா?

இதுதான் இதுவரை வந்த எதிர்ப்புகளில் வலுவானது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு 'இருபந்தி' என்றதும் இரண்டு பத்தி எழுத்து மனத்தில் வரலாம். ஆனாலும் ரேம் என்ற சொல் பக்கத்திலேயே நிற்கும்போது கட்டுரையின் பத்தியோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். தரவரிசை ஏற்படுத்தும் குழப்பத்தில் பணம் போகிறது; இதில் போகாது.

> சாப்பாட்டுச் சொல் தொழில்நுட்பக் கையேட்டுக்கு ஏற்றதாக இல்லை.

இதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கையேட்டுக்கான என் வரைவு:

"ரேமை மாற்றியபின் திரை வரவில்லை என்றால், மின்னிணைப்பையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி, இருபுறக் கவ்விகளும் பூட்டிக்கொள்ளும்வரை கீழே அழுத்தவும். தங்க விளிம்பு வெளியே அதிகம் தெரிந்தால் ரேம் முழுதாக உள்ளே போகவில்லை. சரியாகப் பொருத்தியும் பயனில்லை என்றால் ஒட்டுத்தாளைப் பார்க்கவும். ஜிஎம்45 கணினிகளுக்கு 4 ஜிபி ரேம் இருபந்தியாக, 2ஆர்×8 என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். ஒருபந்தி 4 ஜிபி ரேமில் உள்ள 4 கிகாபிட் சில்லுகளை இந்தச் சிப்செட் ஏற்காது. 2 ஜிபி ரேம் ஒருபந்தியாக, 1ஆர்×8 என்று இருந்தாலும் தடையில்லை. கணினி எழுந்தபின், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடவும்."

'பந்தி' பிடிக்காதவர்கள் இதே வரைவில் தங்கள் சொல்லைப் போட்டு அனுப்புங்கள். எது தடுக்காமல் படிக்க முடிகிறதோ அதை வைத்துக்கொள்வோம். நண்பர் கவனத்துக்கு: கடைக்காரர் மாற்றித் தர ஒப்புக்கொண்டால் 'பதினாறு சிப், 2ஆர்×8, பிசி3-8500எஸ்' என்று எழுதியே கொடுத்துவிடுங்கள், பந்தி என்று கேட்க வேண்டாம். சில்லுக்குள் இருக்கும் 'பேங்க்' என்பதற்கு கையேட்டின் பழைய பதிப்பில் யாரோ 'வங்கி' என்று போட்டிருக்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.